உடைந்த எக்சோஸ்ட் ஸ்டட்: பழைய கார் வைத்திருப்போர் அறியவேண்டியவை

காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் சூடேறியதும் அது குறைந்துவிடும். டெப்பட் சத்தம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய கார்களில் பல சமயம் அது சிலிண்டர் ஹெட்டுக்கும் எக்சோஸ்ட் மேனிபோல்டுக்கும் இடையே புகை கசியும் சத்தம்தான். அங்கே ஒரு ஸ்டட் உடைந்திருக்கலாம். கசியும் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது காருக்குள் வந்தால் ஆளை மயக்கும், உயிரையும் எடுக்கும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் மொரிஸ் மைனரும் பழைய நிசான் சனியும் வைத்திருந்தவர்கள் அவற்றைத் திருத்தித் திருத்தியே ஓட்டினார்கள். புதிய கார்கள் விற்கும் விலையைப் பார்த்தால் இன்றும் பலருக்கு வேறு வழியில்லை. ஒரு பக்கம் துறைமுகமும் மறுபக்கம் தம்பலகாமம் குடாவுமாக இருக்கும் சீனன்குடாவில் உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை.

ஆனால் ஸ்டட் உடைவதற்குத் துரு மட்டும் காரணமல்ல. 40 சென்ரிமீற்றர் நீளமான வார்ப்பிரும்பு மேனிபோல்ட் 500 பாகை சூடேறினால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளும். ஹெட் அவ்வளவு சூடாவதில்லை, அவ்வளவு நீள்வதுமில்லை. அந்த இழுபறியை முதலில் தாங்குபவை இரு ஓரங்களிலும் உள்ள ஸ்டட்கள். ஓரத்து ஸ்டட்களே அதிகம் உடைவதன் காரணம் இதுதான்.

உடைந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் சுத்தியலால் மெல்லத் தட்டி, வைஸ் கிரிப்பால் பிடித்து முன்னும் பின்னுமாக அசைக்க வேண்டும். ஒரே பக்கமாக முறுக்கினால் மிச்சமும் உடையும்.

ஹெட்டோடு மட்டமாக உடைந்திருந்தால் மிக நல்ல வழி வெல்டிங். துண்டின் மேல் ஒரு வோஷரை வைத்து வெல்ட் செய்து, அதன்மேல் நட்டை வைத்து அதன் உட்பக்கத்தை நிரப்ப வேண்டும். அந்தச் சூடு துருவின் பிடியை இளக்கும். சிவப்பு மறைந்த பிறகு ஸ்பானரைப் போடுங்கள். முதல் முறை நட் கழன்று வந்தால் சலிக்காமல் மறுபடியும் வைக்கலாம். மூன்றாம் நான்காம் முறையில் வருவதும் உண்டு. வெல்டிங்குக்கு முன் பெற்றரி வயரைக் கழற்றுங்கள், பெற்றோல் குழாயில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் அந்த இடத்தைத் துடைக்கவே கூடாது. வெல்டிங் சூட்டில் அது நச்சு வாயுவாக மாறும்.

மொரிஸ் மைனரின் ஹெட் வார்ப்பிரும்பு, கேஸ் டோர்ச் சூட்டைத் தாங்கும். அலுமினிய ஹெட் அப்படியல்ல. உருகுவதற்கு முன் அலுமினியம் சிவந்து எச்சரிக்காது.

கடைகளில் விற்கும் 'ஈசி அவுட்' பெயரளவில்தான் இலகு. கடினமான உருக்கால் செய்யப்பட்ட அது உள்ளே உடைந்தால் சாதாரண ட்ரில் பிட் அதைத் துளைக்காது. ஸ்டட் உடையக் காரணமான துருவை அந்த மெல்லிய ஆணி வெல்லும் என்று நம்புவதற்கு நியாயமே இல்லை.

துளைத்தே ஆகவேண்டுமென்றால் நடுப்புள்ளியைச் சரியாகக் குத்தி, சிறிய பிட்டில் தொடங்குங்கள். அலுமினிய ஹெட்டில் பிட் கடினமான ஸ்டட்டை விட்டு மென்மையான அலுமினியத்துக்குள் வழுக்கும். அது தண்ணீர்ப் பாதைவரை போனால் ஹெட்டே வீண். பொனட்டுக்குள் வளைந்து நின்று துளைப்பதைவிட, ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது செலவு குறைந்த வழி என்றே சொல்ல வேண்டும்.

புதிய ஸ்டட் வாங்கும்போது அளவில் கவனம் தேவை. பழைய பிரித்தானியக் கார்களில் வரும் 5/16 அங்குல ஸ்டட்டும் ஜப்பான் கார்களின் 8 மில்லிமீற்றர் ஸ்டட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். புரி வேறு. மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு ஹெட்டின் புரியைத் தின்றுவிடும். சில எஞ்சின்களில் ஸ்டட் துளை தண்ணீர்ப் பாதைக்குள் திறக்கும். அங்கே புரிக்கு சீலன்ட் பூச வேண்டும். மற்ற இடங்களில் செம்பு கலந்த அன்டி சீஸ் கிரீஸும் பித்தளை நட்டும் போதும். கேஸ்கட்டையும் புதிதாகப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கி, சில நாட்கள் ஓடியபின் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை சரிபாருங்கள்.