வறட்சியும் நெய்ப்பும்: இடுப்பு வலி பற்றிய இரு மருத்துவ மரபுகள்

‘இர்குன் நஸா’ என்னும் சொல் பாடத்தில் வரும்போதெல்லாம் மாணவர் சிலர் அதனை ‘நிஸா’ எனப் படித்து, பெண்டிருக்குரிய நோய் என்று பொருள் கொள்வதை நாம் கண்டு வருகிறோம். நூனுக்கு ஃபத்ஹு இட்டு ‘நஸா’ என்றே ஓத வேண்டும். இடுப்பில் தோன்றித் தொடையின் பின்புறமாகக் கணுக்கால் வரை இறங்கும் வலிக்கு அது பெயர். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 93ஆம் வசனம், இஸ்ராயீல் தம்மீது விலக்கிக்கொண்ட உணவைக் குறிப்பிடுகிறது. யஃகூப் (அலை) அவர்களை வருத்திய நோய் இதுவே என்று விரிவுரையாளர்கள் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக எழுதுகின்றனர்.

இதே நோயை இந்தியாவின் ஆயுர்வேத நூல்கள் ‘கிருத்ரசி’ என்றன. கிருத்ரம் என்றால் கழுகு. நோயாளியின் நடை கழுகின் நடையை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது என விளக்குவர். சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில் வாத நோய்களைப் பேசும் 28ஆம் இயல், வலி பிட்டத்தில் தொடங்கி இடுப்பு, தொடை, முழங்கால், கெண்டைக்கால், பாதம் என்று இறங்கும் வரிசையைக் கூறுகிறது.

அவர்களுடைய காரண விளக்கம் கருதத்தக்கது. வாதத்தின் இயல்பு வறட்சி. முதுமையில் அது மிகும். வாதத்தின் இருப்பிடம் எலும்பு. எலும்பு தேயத் தேய வாதம் வளரும் என்பது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் கூறும் கொள்கை. ஆகவே எண்ணெய் பூசுதல், வியர்ப்பித்தல், மருந்தெண்ணெயையும் கஷாயத்தையும் குதவழிச் செலுத்தும் வஸ்தி ஆகியவை முதன்மைச் சிகிச்சைகளாயின. கிருத்ரசிக்குச் சரகர் கணுக்காலருகே இரத்தம் வாங்குதலையும் சூடு போடுதலையும் சேர்த்துக் கூறுகிறார். இன்று இடுப்பின்மீது உளுந்து மாவால் வரம்பு கட்டி வெதுவெதுப்பான எண்ணெயைத் தேக்கும் ‘கடி வஸ்தி’ பெயரளவில்தான் வஸ்தி. சரகர் விரித்துரைக்கும் வஸ்தி அதுவன்று.

இனி அரபு மரபைக் காண்போம். அனஸ் (ரலி) அறிவிக்கும் இப்னு மாஜா ஹதீஸ் ஒன்று, பாலைநில ஆட்டின் வால் கொழுப்பை உருக்கி மூன்று பங்காக்கி, நாளுக்கொரு பங்கு வெறும் வயிற்றில் அருந்துமாறு கூறுகிறது. இமாம் இப்னுல் கையிம் (ஹிஜ்ரி 751இல் மறைந்தார்) இதனை ஹிஜாஸ் மக்களுக்கும் அவர்களையொத்தோருக்கும் உரிய வழிகாட்டலாகக் கொண்டு, நோய் வறட்சியாலோ தடித்த பிசுபிசுப்பான பொருளாலோ உண்டாகிறது, கொழுப்பு அதைப் பக்குவப்படுத்தி இளக்குகிறது என்று விளக்கினார். இப்னு சீனா கணுக்காலில் இரத்தம் வாங்குவதைக் கூறினார். அந்தலூஸின் ஸஹ்ராவி சூட்டுக்கோலால் சுடும் முறையை விவரித்தார்.

இவ்வளவு ஒற்றுமை இருக்கையில், இவர்கள் அவர்களிடம் கற்றனர் என்று முடிவு கட்டலாமா? கல்விப் பரிமாற்றம் நடந்தது உண்மை. ஹாரூன் ரஷீத் காலத்தில் (786–809) அமைச்சர் யஹ்யா பின் காலித் பர்மகியின் ஆணைப்படி, மன்கா என்னும் இந்திய மருத்துவர் சுஸ்ருதரின் நூலை அரபியில் விளக்கினார். சரகரின் நூல் முதலில் பாரசீகத்திற்கும் பின்னர் அரபிக்கும் வந்தது. இவற்றை இப்னு நதீம் தமது ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் பதிந்துள்ளார். ஆயினும் இடுப்பு நோய்க்குச் சூடு போடுவதை யவன மருத்துவர் ஹிப்போக்ரட்டஸும் கூறியிருக்கிறார். ஒரே உடல், ஒரே வலி. வெவ்வேறு நாட்டார் தாமாகவே ஒரே வழியைக் கண்டிருத்தல் கூடும். ஒப்புமை வேறு, சான்று வேறு.

இதில் நமக்கு முன்மாதிரி அலீ பின் ஸஹ்ல் ரப்பன் அத்தபரீ. 850இல் முடித்த ‘ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா’வின் இறுதியில் இந்திய மருத்துவத்திற்கு 36 இயல்களைத் தனியே ஒதுக்கி, யவனக் கருத்தோடு கலக்காமல், சரகர், சுஸ்ருதர் முதலியோர் பெயர்களைச் சுட்டியே எழுதினார். பிறர் அறிவைப் பெயரோடு ஏற்பதே அறிவின் அமானிதம். “எல்லாம் எங்களிடமிருந்தே போயின” என்று இன்று இரு தரப்பிலும் எழும் குரல்கள் அந்த அமானிதத்தைப் பேணுவதில்லை.

அதே நேர்மை நிகழ்காலத்திற்கும் வேண்டும். முள்ளெலும்புகளிடையே உள்ள வட்டின் நடுப்பகுதி இளமையில் 80 விழுக்காட்டிற்கும் மேல் நீராலானது. வயதேற அது வற்றுகிறது. பிதுங்கிய வட்டு நரம்பை அழுத்துவதே இவ்வலிக்குப் பெருங்காரணம் என்பதை 1934இல் மிக்ஸ்டர், பார் என்னும் இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் நிறுவினர். “பார்த்தீர்களா, வறட்சி என்று முன்னோர் அன்றே சொன்னார்கள்” என மகிழ நமக்கும் ஆசைதான். ஆனால் அவர்கள் கண்டது நோயாளியின் நடையையும் முதுமையையும்; வட்டை அன்று. மேலும் இத்தகைய வலி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே தணிவதால், இடையில் செய்த சிகிச்சைக்கே முழுப் பெருமையையும் தருவது பிழையாகும். எண்ணெய்ச் சிகிச்சை இதம் தரலாம். தேய்ந்த வட்டை அது மீட்டதாக நிறுவப்படவில்லை. கால் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடற்றுப் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனை செல்ல வேண்டும். அந்நிலையில் மரபின் பெயரால் காத்திருப்பது அந்த மரபுக்கே இழுக்கு.

தபரீ இன்றிருந்தால், தம் நூலில் இன்னோர் இயலைச் சேர்த்திருப்பார். அதற்குரியவர்களின் பெயரையும் மறவாமல் எழுதியிருப்பார் என்றே நாம் கருதுகிறோம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.