தானாகப் பொங்கிய தண்ணீர்

விருத்தாசலம் பக்கத்து மங்கலம்பேட்டையில் குழாயில் தண்ணீர் நூல்போல ஒழுகினால், பிளம்பர் முதலில் அண்ணாந்து மொட்டைமாடியைத்தான் பார்ப்பார்: டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? ஆனால் டேங்கும் மோட்டாரும் இல்லாமலே தண்ணீர் பீறிட்ட காலம் ஒன்று இந்த வட்டாரத்துக்கு உண்டு. அந்த வித்தை பிரான்சிலிருந்து வந்தது.

வட பிரான்சின் ஆர்ட்வா பகுதியில், 1126-இல் துறவிகள் துளைத்த கிணறு தானாகப் பொங்கியதாம். மந்திரமில்லை. மேட்டில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, நீர் புகாத இரு படுகைகளுக்கு நடுவே அடைபடுகிறது. பள்ளத்தில் துளையிட்டால், கிளம்பிய மேட்டின் உயரத்தை எட்டத் துடிக்கிறது. ஊர்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று துளைத்தன. பாரிஸின் கிரனெலில் முலோ என்பவர் ஏழு ஆண்டுகளுக்குமேல் விடாமல் துளைத்து, 1841-இல் 548 மீட்டர் ஆழத்தில் தண்ணீரைக் கண்டார்.

1870-களில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலும் துளைத்தார்கள், பொங்கியது! ஆங்கில அரசின் புவியியலாளர் வில்லியம் கிங், 1880-இல் அதைப் பற்றி அறிக்கையே எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில், பாகூர்ப் பக்கத் துளைகளில் தண்ணீரோடு பழுப்பு நிலக்கரியும் வந்தது.

1935 வாக்கில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு இறக்கியபோதும் அதே கரும்பொருள். இம்முறை விஷயம் அமுங்கவில்லை. 1956-இல் நிலக்கரி நிறுவனம், 1957-இல் சுரங்கம்.

ஒரு சிக்கல்: நிலக்கரிக்கு அடியில் அதே அடைபட்ட தண்ணீர், சதுர செ.மீ.க்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்துடன் மேலே முட்டியது. இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்துக் கிளம்பும். இரவும் பகலும் பம்புகள் ஓடின. சுற்றுவட்டாரத்தில் தானாகப் பொங்கிய கிணறுகள் அடங்கின. தண்ணீர் தேடிப் போட்ட துளை நிலக்கரியைக் காட்டியது. நிலக்கரி தண்ணீரை அடக்கியது.

இப்போது அந்த மேட்டை நாமே மொட்டைமாடியில் கட்டுகிறோம். 10 மீட்டர் உயரத்துக்கு 1 கிலோ அழுத்தம், கணக்கு அவ்வளவுதான். டேங்க் எத்தனை லிட்டர் பிடித்தாலும் அழுத்தம் கூடாது. ஆகவே, பெரிய டேங்க் வாங்கும் முன் இருப்பதைச் சில அடி உயர்த்திப் பாருங்கள்.