அல்பைசீனின் அண்டை வீட்டார்

அரபு நூல்கள் கர்னாதா என்று குறிப்பிடும் கிரானடா நகரை நினைத்தாலே நமக்கு அல்ஹம்ரா அரண்மனைதான் கண்முன் வரும். அதன் எதிர்க்குன்றில், தாரோ ஆற்றுக்கு அப்பால், எளிய மக்கள் வாழ்ந்த அல்பைசீன் மஹல்லா இருக்கிறது. அரண்மனையைப் பற்றி நிறையவே எழுதிவிட்டோம்; மஹல்லாவைப் பற்றி எழுதியது குறைவு.

1492 ஜனவரி 2 அன்று நகரம் கைமாறுவதற்கு முன்பு செய்யப்பட்ட உடன்படிக்கை முஸ்லிம்களின் மார்க்கம், பள்ளிவாசல், சொத்து ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு அளித்தது. அது ஏழு ஆண்டுகளே நிலைத்தது. 1499இல் பேராயர் சிஸ்னெரோஸ் கட்டாய மதமாற்றத்தில் இறங்கவே, அல்பைசீன் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுடைய ஜும்ஆப் பள்ளி பின்னர் சான் சல்வதோர் தேவாலயமாயிற்று. பள்ளியின் முற்றம் மட்டும் இன்றும் எஞ்சியுள்ளது. 1568இல் மலைப்பகுதியில், ஞானஸ்நானம் திணிக்கப்பட்ட மொரிஸ்கோக்களின் எழுச்சி மூண்டது. அதைக் காரணம் காட்டி, மறு ஆண்டு முதல் அல்பைசீன்வாசிகள் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஆளற்றுப்போன மனைகள் பல ஒன்றிணைக்கப்பட்டு, உயர்ந்த மதில் சூழ்ந்த தோட்ட வீடுகளாயின. அவற்றைக் 'கார்மென்' என்பர். திராட்சைக் கொடியைக் குறிக்கும் 'கர்ம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. குடிகள் போயினர், சொல் தங்கிவிட்டது.

1994இல் யுனெஸ்கோ அல்பைசீனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அல்ஹம்ராவைக் காண ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வருகின்றனர். அவர்களுள் பலர், அரண்மனையை எதிர்க்குன்றிலிருந்து பார்த்தபடியே உறங்கி எழ விரும்புகின்றனர். குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, பயணிகளுக்கு இரவுக் கணக்கில் விடுவது உரிமையாளருக்கு இலாபம். ஸ்பெயின் சட்டப்படி குடியிருப்போர் ஐந்தாண்டுகள் வரை ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொள்ளலாம்; பயணியோ மூன்றாம் நாள் போய்விடுவார். எனவே குடும்பங்கள் வாடகை குறைந்த புறநகரை நாடுகின்றன. மளிகைக் கடை இருந்த இடத்தில் நினைவுப்பொருள் கடை வருகிறது. வாள்முனையில் நிகழ்ந்த வெளியேற்றத்தையும் வாடகையால் நிகழும் வெளியேற்றத்தையும் ஒன்றென்று சொல்வது அநியாயம். ஆயினும், சுவரைக் காக்கும் பட்டியல் அண்டை வீட்டாரைக் காக்கவில்லை என்பதை மறுக்க இயலாது.

அந்தலூஸில் மாலிக்கி மத்ஹபே வழக்கில் இருந்தது. அடுமனைப் புகை, தோல் பதனிடும் நாற்றம் போன்றவற்றால் அண்டை வீட்டாருக்குத் தீங்கு நேர்ந்தால் தடுக்கலாம் என்பது அந்த ஃபிக்ஹின் நிலைப்பாடு. தன் வீடுதானே என்று எவரும் எதையும் செய்துவிட முடியாது. ஸ்பெயினும் இப்போது அதே கேள்விக்கு வந்து நிற்கிறது. 2025 ஏப்ரல் 3 முதல், பலருக்குச் சொந்தமான அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டைப் புதிதாகச் சுற்றுலா விடுதியாக்க, உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் இசைய வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இதில் வாக்கில்லை. அந்தத் தேதிக்கு முன்பே முறைப்படி நடந்துவரும் விடுதிகளையும் இது தொடாது. மதில் சூழத் தனித்து நிற்கும் கார்மென் வீட்டுக்கோ, இசைவு கேட்கக் கூட்டு உரிமையாளர் எவரும் இல்லை.