மூச்சுக்கு ஒரு காவல்

எனக்கு ஏழு வயதில், நாங்குநேரியில், வேப்பமரத்திலிருந்து விழுந்து முழங்கை மூட்டு பிசகிவிட்டது. நான்கு பேர் என்னை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நாட்டு வைத்தியர் ஒரே இழுப்பாக இழுத்தார். நான் போட்ட கூச்சல் வானமாமலைப் பெருமாள் சந்நிதிவரை கேட்டதென்று பாட்டி ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் கோயில் எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெய் வந்தது. வலிக்கு அதுதான் மருந்து.

போன வருஷம் என் பேத்திக்கும் அதே கை, அதே பிசகு. திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவசரப் பிரிவில் டாக்டர் அவளுடைய கையைத் தொடுமுன், “கடைசியாக என்ன சாப்பிட்டாள், எப்போது?” என்று கேட்டார். பிறகு எடை பார்த்தார். குழந்தை துடிக்கிறது, இவர் கணக்குப் பார்க்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கணக்குக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

1847 நவம்பரில் எடின்பரோவில் ஸிம்ப்ஸன் குளோரபாரத்தின் மகிமையை உலகுக்குச் சொன்னார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28-ஆம் தேதி, வட இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால் நகம் ஒன்றை எடுப்பதற்காக அதை முகரக் கொடுத்தார்கள். சில நிமிஷங்களில் உயிர் போய்விட்டது. ஒரு நகத்துக்கு ஓர் உயிர்!

முதலில் நிற்பது மூச்சா, இருதயமா? இந்தச் சண்டை 40 வருஷம் நடந்து, கடைசியில் நம் ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே எட்வர்ட் லாரி என்ற டாக்டர், நிஜாமின் ஆதரவில் 1888-ல் ஒரு கமிஷனும் 1889-ல் இன்னொன்றும் கூட்டினார். இரண்டாவதற்கு லண்டனிலிருந்து லாடர் பிரண்டனே வந்தார். நூற்றுக்கணக்கான நாய்களை மயக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள்: மூச்சுதான் முதலில் நிற்கிறது, அதைக் கவனித்தால் போதும்.

‘போதும்’ என்றதுதான் பிழை. குறைந்த மயக்கத்திலேயே இருதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்று 1911-ல் லெவி காட்டினார். குளோரபாரம் மெல்ல மறைந்தது. ‘மூச்சைக் கவனி’ என்ற பாடம் மட்டும் நிலைத்தது.

என் பேத்திக்குப் போட்டது கெட்டமின். 1962-ல் உருவான மருந்து. அது பெரும்பாலும் மூச்சை அடக்காது. அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்காகவே ஒரு நர்ஸ், வேறு வேலையே இல்லாமல், குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரலில் பிராணவாயுவின் அளவு காட்டும் கருவி, தலைமாட்டில் ஆக்ஸிஜன். கை சரியான பிறகும் அவள் நகரவில்லை.

நாங்குநேரியில் என் கையை நான்கு பேர் பிடித்தார்கள். இங்கே ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பேத்தி கண் விழித்துக் கேட்டாள்: “எப்பம் தாத்தா கையைச் சரி பண்ணுவாங்க?”