மனிதர் ஏன் கூடி வாழ்கின்றனர்?

தருமபுரியை அடுத்த நல்லம்பள்ளியின் வாரச் சந்தையில் சற்று நின்று நோக்குவோர் ஓர் உண்மையைக் கண்ணாரக் காணலாம். கேழ்வரகு விளைத்தவருக்கு அரிவாள் வேண்டும். அரிவாள் அடித்தவருக்குக் கேழ்வரகு வேண்டும். தமக்குத் தாமே போதுமானவர் எவருமிலர்.

இவ்வுண்மையை வரலாற்றுக் கலைக்கே அடித்தளமாக்கியவர், 1332-இல் துனிஸில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்). ஹிஜ்ரீ 779-இல் (கி.பி. 1377), இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் தங்கி அவர் வரைந்த ‘முகத்திமா’, மனிதர் கூடி வாழ்வதற்கு இரு காரணங்களைக் காட்டுகின்றது: உணவு, பாதுகாப்பு. ஒரு நாள் உணவுக்குரிய கோதுமையை அரைத்து, பிசைந்து, சுட்டெடுக்கவே கொல்லர், தச்சர், குயவர் ஆகியோரின் கைத்தொழில் வேண்டும் என்கின்றார் அவர்.

பாதுகாப்புக்கு நம் தருமபுரி மண்ணின் நடுகற்களே சான்று. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் பொருது மாண்டோருக்காக எழுந்தவை அவற்றுட் பல. தன்னுயிரினும் தன் கூட்டத்தைப் பெரிதாகக் கருதச் செய்யும் அப்பிணைப்பையே இப்னு கல்தூன் ‘அஸபிய்யத்’ என்றார்.

ஆனால், ஆநிரையைக் கவர வந்தோரைப் பிணைத்ததும் அதே உணர்வன்றோ? தன் இனத்தார் அநீதி இழைக்கும்போது அவர்களுக்குத் துணைபோவதை அஸபிய்யத் என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். மனிதர் ஒருவர்மீது ஒருவர் பாயாமல் தடுக்க ஆட்சி வேண்டும். அவ்வாட்சியே அநீதி இழைப்பின் நாடு பாழாகும் என இப்னு கல்தூனும் எச்சரித்தார்.

நம் பிள்ளைகளுக்கு இனப்பற்றை ஊட்டும் நாம், அதனைக் கட்டுப்படுத்தும் நீதியையும் உடன் ஊட்டுகின்றோமா? சிந்திப்போமாக!