பொன்கொழித்தலும் உரிமைப் பத்திரமும்: விக்ரோறியா ஆற்றுப்படுகைகளின் சமூக வரலாறுபற்றிய ஒரு குறிப்பு

ஆற்றுமணலிலே பொன் தேடுதல் இன்று பல நாடுகளில் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகியுள்ளது. அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில் இதனை மேற்கொள்ள விரும்புவோர் பத்தாண்டுகளுக்குச் செல்லுபடியாகும் பத்திரமொன்றைப் பெறுதல் வேண்டும். மண்வெட்டி, பிக்காசு, சல்லடை, தட்டு முதலாய கைக்கருவிகளையும் உலோகங்காட்டுங் கருவியையும் அவர்கள் பயன்படுத்தலாம். வெடிமருந்தும் அகழும் இயந்திரமும் விலக்கப்பட்டுள்ளன. கண்டெடுக்கும் பொன் அவர்களுக்கே உரியது. இப்பத்திரத்திற்குச் 'சுரங்கத்தொழிலாளன் உரிமை' என்பது பெயர். பொழுதுபோக்குக்குரிய அனுமதிச் சீட்டொன்று 'உரிமை' எனப் பெயர்பெற்றமை எவ்வாறு? இவ்வினாவின் வழிச்சென்று, எளிய கருவியொன்றின் வரலாற்றினை அதன் சமூக உறவுகளோடு இணைத்து நோக்குவதே நமது நோக்கமாகும்.

முதலில் தொழின்முறையினை நோக்குவோம். பொன் நீரைக் காட்டிலும் ஏறத்தாழ 19 மடங்கு அடர்த்தியுடையது. மணலிற் பெரும்பகுதியான படிகக்கல்லோ மூன்று மடங்குகூட இல்லை. ஆதலின் நீரோட்டம் தளருமிடங்களிலே, வளைவின் உட்புறத்திலும் பாறை வெடிப்புக்களிலும், பொற்றுகள் தங்கிவிடுகின்றது. தட்டிலே மணலையும் நீரையும் இட்டுச் சுழற்ற, இலேசான மணல் விளிம்பால் வழிந்தோடப் பொன் அடியில் எஞ்சும். நமது பெண்கள் சுளகிலே தானியம் கொழிப்பதும் இதனையொத்த செயலே. 'பொன்கொழிக்கும் ஆறு' என்னுந் தமிழ் வழக்கு, ஆற்றின் செயலையும் மனிதவுழைப்பினையும் ஒரே வினைச்சொல்லால் உணர்த்துவது மனங்கொள்ளத்தக்கது.

கலிபோர்ணியாவிற் பொன் தேடித் திரும்பிய எட்வேட் ஹாகிறேவ்ஸ் 1851இல் நியூ சவுத் வேல்சிலே பொன்னிருப்பதை அறிவித்தார். அதே ஆண்டில் விக்ரோறியாவின் குளூன்ஸ், பலறாற், பெண்டிகோ ஆகிய இடங்களிலும் பொன் வெளிப்பட்டது. 1851இல் ஏறத்தாழ 77,000 ஆகவிருந்த அக்குடியேற்றநாட்டின் மக்கட்டொகை 1861இல் 5,38,000ஐத் தாண்டியது. கைக்கருவிகளைத் தாமே உடைமையாகக் கொண்டு, எசமானன் எவனுமின்றி உழைக்கும் வாய்ப்பே பலரை ஆங்கு ஈர்த்தது. மேய்ச்சல்நில முதலாளிகளின் பட்டிகளில் ஆட்பஞ்சம் ஏற்பட்டது. 1851 செப்டெம்பரில் மாதத்திற்கு 30 சிலிங் அனுமதிக் கட்டணம் விதிக்கப்பட்டது. பொன் கிடைப்பினும் கிடையாவிடினும் செலுத்தவேண்டிய இக்கட்டணம், அரசிறையாக மாத்திரமன்றித் தொழிலாளரை மீண்டும் கூலியுழைப்புக்குத் துரத்துங் கருவியாகவும் கருதப்பட்டது.

கட்டணம் 1853இற் குறைக்கப்பட்டபோதிலும் முரண்பாடு தணியவில்லை. மேற்படுகைப் பொன் அருகவே, பலறாற்றிலே மண்ணின்கீழ்ப் புதையுண்ட பண்டைய ஆற்றுப்படுகைகளைத் தேடி ஆழ்குழிகள் தோண்டவேண்டியதாயிற்று. ஒரு குழியை முடிக்கப் பன்மாதங்கள் சென்றன. அம்மாதங்களில் வருவாய் இல்லை, ஆனாற் கட்டணம் உண்டு. இந்நிலையிலேதான் 1854இல் ஆளுநர் ஹோதம் அனுமதிப்பத்திரச் சோதனைகளை வாரத்திற்கு இருமுறை நடத்தப் பணித்தார். நவம்பரிற் பலறாற் சீர்திருத்தக் கழகம் தோன்றி, ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை, உறுப்பினர்க்குச் சொத்துத் தகைமை நீக்கம் முதலாய சாசனவாதக் கோரிக்கைகளை முன்வைத்தது. அனுமதிப்பத்திரங்கள் தீக்கிரையாக்கப்பட்டன. டிசெம்பர் 3ஆம் நாள் விடியற்காலையில் யுறேக்கா அரணைப் படையினர் தாக்கினர். அகழ்வோருள் 22 பேரேனும் மாண்டனர். பின்னர் இராசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் மெல்பேண் யூரிமார் விடுதலை செய்தனர். 1855இல் மாதக்கட்டணம் ஒழிந்தது. ஆண்டுக்கு ஒரு பவுண் கொடுத்துப் பெறும் புதிய பத்திரம் அகழும் உரிமையோடு வாக்குரிமையினையும் அளித்தது. பெயரின் வரலாறு இதுவே.

எனினும் இவ்வரலாற்றை வெறும் வீரகாவியமாக்குதல் நமக்கு ஏற்புடைத்தன்று. அகழ்ந்தோர் பெரும்பாலும் சிற்றுடைமை உற்பத்தியாளர். அவர்தம் சனநாயகத்திற்கும் அவ்வர்க்கத்தின் எல்லைகள் இருந்தன. அம்மண்ணின் உரித்தாளரான வாதவுறுங், ஜாஜாவுறுங் மக்களின் நிலவுரிமைபற்றிப் பத்திரம் எதுவும் பேசவில்லை. அதே 1855இல், கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனர்மீதும் 10 பவுண் தலைவரி விதிக்கப்பட்டது. அவர்கள் தென் அவுஸ்திரேலியாவின் றோப் துறையில் இறங்கி 400 கிலோமீற்றருக்கு மேல் நடந்தே பொன்வயல்களை அடைந்தனர்.

ஆழ்குழிகளும் படிகப்பாறைச் சுரங்கங்களும் பெருமூலதனத்தை வேண்டின. கம்பனிகள் எழுந்தன, தட்டேந்தியவன் கூலியாளானான். யுறேக்காவிலே தலைமைதாங்கி ஒரு கையை இழந்த பீற்றர் லாலோர், 1873இற் குளூன்சில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது அச்சுரங்கக் கம்பனியின் பணிப்பாளராக விளங்கினார். வேலைநிறுத்தத்தை முறியடிக்கச் சீனத் தொழிலாளரை அக்கம்பனி கொணர முயன்றது. சுரங்கத்தொழிலாளர் வழிமறித்து அவர்களைத் துரத்தினர். ஒரு பக்கம் பழைய போராளி முதலாளித்துவத்தின் பிரதிநிதியானமை. மறுபக்கம் தொழிலாளரின் நியாயமான எதிர்ப்பு இனப்பகைமையாகத் திரிபுற்றமை. இரண்டையும் ஒருசேர நோக்கும்போதே வரலாறு தெளிவாகும். மூலதனம் ஒரு தொழிலாளனை மற்றவனுக்கெதிரே நிறுத்திய இக்காட்சி, இனமுரண்பாட்டின் விலையை அறிந்த நமக்கு அந்நியமானதன்று.

கலிபோர்ணிய, அவுஸ்திரேலியப் பொற்கண்டுபிடிப்புக்களோடு முதலாளித்துவ சமூகம் புதியதொரு வளர்ச்சிக்கட்டத்துட் புகுந்ததெனத் தோன்றியமை, தமது பொருளியலாய்வை மீண்டும் அடியிலிருந்து தொடங்கத் தம்மைத் தூண்டிய காரணங்களுள் ஒன்றென மார்க்ஸ் 1859இல் எழுதிய முன்னுரையிற் குறிப்பிட்டார். ஆற்றிலே அலசப்பட்ட பொன் உலகச் சந்தையின் வரலாற்றிற் பெற்ற இடம் இதனாற் புலனாகும்.

இன்று அவ்வாறுகளின் கரையிலே விடுமுறைநாளிற் குந்தியிருப்பவரைப் பேராசைக்காரரென எள்ளுதல் எளிது. ஆயின் கூலிக்கணக்கும் மேற்பார்வையாளனும் இல்லாத உழைப்பினையே அவர் நாடுகின்றார். கிடைக்கும் துகளைவிட அவ்வுழைப்பின் சுதந்திரமே அவருக்குப் பெரிதாகலாம். 1851இல் வாழ்க்கைத் தேவையாகவிருந்த அச்சுதந்திரம் விடுமுறைக்குரியதாகச் சுருங்கியமையே நாம் ஆராயவேண்டியது. தட்டு மாறவில்லை, ஆறும் பெரிதும் மாறவில்லை. மாறியவை உற்பத்தி உறவுகளே. அவர் சட்டைப்பையிலுள்ள பத்திரத்தின் பெயர், குருதி சிந்திப் பெறப்பட்டதும் எல்லார்க்கும் வழங்கப்படாததுமான ஓர் உரிமையை இன்றும் நினைவூட்டி நிற்கின்றது.