ஐந்தில் வளைந்த கால்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்னும் பழமொழியை ஆசிரியராகிய நாம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் வகுப்பில் விளக்குகின்றோம். அது ஒழுக்கத்தைக் குறித்து எழுந்த மொழி. உடலைக் குறித்துப் பார்த்தால் அதன் மறுபக்கமும் மெய்யே. ஐந்தில் வளைந்த கால், கவனிப்பார் இல்லையெனில், ஐம்பதிலும் நிமிர்வதில்லை.

பயிற்சி முடித்து நான் தோட்டப் பள்ளிக்கு வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லுகின்றேன். காலை அணிவகுப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கால்களைச் சேர்த்து நிற்கவில்லை. “சேர்த்து நில்” என்றேன். நிற்கவில்லை. அடம் என்று எண்ணி மறுநாளும் கடிந்தேன். அவள் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டமையால் கணுக்கால்கள் சேரவே முடியாது என்பது ஆறு மாதங் கழித்தே எனக்குப் புலப்பட்டது. அவளைப் பரிசோதித்த மருத்துவர், “முன்னரே வந்திருந்தால் மருந்தே போதுமாயிருக்கும்” என்றார். அச்சொல் இன்னும் என் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

குழந்தையின் கால் ஏன் வளைகிறது? நம் பாட்டிமார் இதற்குப் பல விடை வைத்திருந்தனர். இடுப்பில் தூக்கிச் சுமந்தது ஒரு காரணம். காலத்திற்கு முன் நிற்க வைத்தது ஒரு காரணம். ஒன்றும் பொருந்தாவிடில் முன்வினை. மருத்துவ வரலாறு வேறு விடைகளைக் கண்டது. அவ்விடைகளுள் மூன்றை ஈண்டு காண்போம்.

இயல்பான வளைவு

முதலில் அச்சத்தை நீக்கிவிட வேண்டும். எல்லா வளைவும் நோயன்று. பிறந்த குழந்தையின் கால் வில்போல் வளைந்தே இருக்கும். இரண்டு வயதளவில் அது நிமிரும். மூன்று, நான்கு வயதில் முட்டி தட்டும். ஏழு வயதளவில் பெரும்பாலும் தானே நேராகிவிடும். அவ்வயதிற்குப் பின்னும் மிகுதியாக வளைந்திருப்பது, ஒரு கால் மட்டும் வளைவது, வலிப்பது, நாளுக்கு நாள் கூடுவது ஆகியவையே கவலைக்கு இடமானவை.

டின் பாலும் வெயிலும்

எலும்பு மெலிந்து வளையும் ரிக்கெட்ஸ் நோயைப் பற்றி 1650-இல் பிரான்சிஸ் கிளிசன் என்னும் ஆங்கில மருத்துவர் தனி நூலே எழுதினார். ஆயினும் காரணம் தெரிய மேலும் இரண்டரை நூற்றாண்டு சென்றது. 1919-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் மெல்லன்பி இந்நோய் உணவுக் குறையால் வருவது என்று காட்டினார். அதே காலத்தில் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதாக் கதிரால் குழந்தைகளைக் குணப்படுத்தினார். வெயில் பட்டால் உடலே ஆக்கிக்கொள்ளும் வைட்டமின் ‘டி’ தான் இரண்டையும் இணைக்கும் கண்ணி என்பது பின்னர் தெளிவாயிற்று.

வெயில் நிறைந்த மலாயாவுக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ஓர் உரை ஆற்றினார். “பாலும் கொலையும்” என்பது அதன் தலைப்பு. தாய்ப்பாலுக்கு ஈடென்று சர்க்கரை கலந்த டின் பாலைக் கைக்குழந்தைகளுக்கு விற்பதை அவர் வன்மையாகக் கண்டித்தார். எலும்புக்கும் கண்ணுக்கும் வேண்டிய சத்து அதில் இல்லை என்பதே அவர் வழக்கு. நம் லயங்களில் அந்த டின்னைக் கழுவி வைத்து அரிசி அளந்ததை மூத்தோர் அறிவர். அரிசி அளக்க அது தகும். பிள்ளை வளர்க்கத் தகாது.

ஒரு கிருமியின் வேலை

இரண்டாவது காரணம் இளம்பிள்ளை வாதம். இதை உண்டாக்குவது வைரசு என்பதை 1908-இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் பாப்பரும் காட்டினர். கிருமி தண்டுவடத்து நரம்பைத் தாக்குகிறது, தசை சூம்புகிறது, வலிவுள்ள தசை வலிவற்றதை இழுக்க, முழங்கால் மடங்கியபடியே நின்றுவிடுகிறது.

1958 இறுதியில் சிங்கப்பூரில் இந்நோய் பரவியபோது, ஏறத்தாழ 2 இலட்சம் குழந்தைகளுக்குச் சேபினின் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. மலேசியாவில் 1972 முதல் குழந்தைகளுக்கு இம்மருந்து முறையாக வழங்கப்பட்டது. நான் சிறுவனாயிருந்தபோது இரும்புக் கட்டுப் போட்ட காலோடு பந்து விளையாட வந்த தோழன் ஒருவன் இருந்தான். என் மாணவர்கள் அத்தகைய காலைக் கண்டதில்லை. 2000-இல் நாம் வாழும் மேற்குப் பசிபிக் வட்டாரம் இந்நோய் அற்றதாக அறிவிக்கப்பட்டது. எனினும் 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தை ஒன்றிடம் அது மீண்டும் தலைகாட்டியது. தடுப்பு மருந்தில் சோர்வு கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

குடிநீரில் இருந்த குற்றம்

மூன்றாவது காரணமே மிக வியப்பானது. நம் முன்னோர் கப்பலேறிய அதே சென்னை மாகாணத்தில், தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்துவதற்கு ஓராண்டு முன்பு, 1937-இல் அது வெளிப்பட்டது. நெல்லூர் மாவட்டத்தின் பொதிலி, தர்சி, கனிகிரி வட்டாரங்களில் மக்களின் முதுகும் மூட்டும் மரம்போல் இறுகிப்போயின. கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் அங்குச் சென்று ஆராய்ந்தனர். உணவை ஆராய்ந்தனர், கிணற்று நீரையும் ஆராய்ந்தனர். குற்றம் நீரில் இருந்தது. பாறையிலிருந்து கரைந்து வந்த புளோரைடு என்னும் உப்பு, ஆண்டுக்கணக்கில் குடித்தவர் எலும்பிற் படிந்திருந்தது. அதன் முதல் அடையாளம் பல்லில் தோன்றும். பிள்ளைகளின் பற்களில் சுண்ணாம்பு வெண்மையும் பழுப்புக் கறையும் காணும். பல் துலக்கவில்லை என்று எத்தனை பிள்ளைகள் அங்கு அடி வாங்கினரோ!

இக்கதை அத்தோடு முடியவில்லை. 1973-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தின் கிருஷ்ணமாச்சாரி, கமலா கிருஷ்ணசுவாமி ஆகிய இருவர் நல்கொண்டாப் பகுதியில் புதிய வடிவம் ஒன்றைக் கண்டு எழுதினர். இளைஞர்களின், சிறுவர்களின் முழங்கால்கள் உள்நோக்கி முட்டின. முதியோர்க்கு எலும்பை இறுக்கிய அதே புளோரைடு, வளரும் பிள்ளைகளுக்கு எலும்பை மெலியச் செய்தது ஏன்?

அருகில் நாகார்சுனசாகர் அணை எழுந்திருந்தது. கசிவு நீரால் நிலத்தடி நீர் உயர்ந்து, மண்ணின் தன்மை மாறி, அங்கு விளைந்த சோளத்தில் மாலிப்டினம் என்னும் தாது மிகுந்தது என்றும், அது உடலிலிருந்து செம்புச் சத்தை வெளியேற்றி எலும்பை மெலிவித்தது என்றும் ஆய்வாளர் கருதினர். சோளம் என்றது நம் சந்தையில் அவித்து விற்கும் மக்காச்சோளம் அன்று. ஊரில் ஏழைகள் சோறாக்கி உண்ட வெண்சோளம். பயிருக்கு நீர் தந்த அணை, தன்னை அறியாமலே பிள்ளையின் முழங்காலையும் தொட்டது. கால்சியம் குறைந்த ஏழை உணவு கேட்டினைப் பெருக்கியது.

தமிழகத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும் இதே நீர்க்கேடு உண்டு. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுப் புளோரைடைப் படியவைக்கும் ‘நல்கொண்டா முறை’யை நாகபுரி ஆய்வு நிலையம் 1970களில் வகுத்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

இனி நம் வீட்டுக் குழாயைத் திறப்போம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வரும் நீரிலும் புளோரைடு உண்டு! பல் சொத்தையைத் தடுக்க அரசே அதை அளந்து சேர்க்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம். உலக நல்வாழ்வு நிறுவனம் வகுத்த எல்லையோ 1.5 மில்லிகிராம். ஒரே பொருள் அளவோடு பல்லைக் காக்கிறது. அளவு மீறிக் காலை வளைக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதற்கு இதினும் தெளிந்த உரை உண்டோ?

பால், கிருமி, நீர் என்று காரணம் மூன்றாயினும், இவற்றுள் ஒன்றேனும் குழந்தை தேடிக்கொண்டதன்று. அது குடித்ததும் உண்டதும் வாழ்ந்த சூழலும் காலில் எழுதிய எழுத்தே அந்த வளைவு. எழுத்தைப் படிப்பது நம் தொழில். நாள்தோறும் முந்நூறு பிள்ளைகள் நம் கண்முன் நடந்து வருகின்றனர். மருத்துவருக்குக் கூட இந்த வாய்ப்பு இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நாள், காலணி கழற்றி, முழங்கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லிப் பாருங்கள். கணுக்கால்களுக்கிடையே மிகுந்த இடைவெளி கண்டால் பெற்றோரை அழையுங்கள். அன்று அந்தச் சிறுமியிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே: “ஏனம்மா, கால் சேரவில்லையா?”